உழவர் பயிற்சி: கேட்டலா, செய்தலா?

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் சாலையில், திருவரங்குளத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் வம்பன் என்னும் ஊர் வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையமும் வேளாண்மை அறிவியல் நிலையமும் இங்கே உள்ளன. மஞ்சள் தேமல் நோயைத் தாங்கி வளரும் உளுந்து வகைகள் இவ்வூரின் பெயரோடு தமிழகத்து வயல்களில் விதைக்கப்படுகின்றன. ஆராய்ச்சி இவ்வளவு அருகில் நடைபெறும் நற்பேறு எல்லா வட்டாரங்களுக்கும் வாய்ப்பதில்லை.

ஆயினும், ஆராய்ச்சிக்கூடத்திற்கும் வயலுக்கும் இடையே உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் அளக்க இயலாது. அதைக் கடக்க அமைக்கப்பட்ட பாலமே உழவர் பயிற்சி. அந்தப் பாலம் எவ்வளவு உறுதியானது? நாடெங்கும் நடைபெறும் பயிற்சிகளின் பொதுவான போக்கைக் கருதியே இக்கேள்வியை எழுப்புகிறேன். எந்த ஒரு நிலையத்தையும் குறை கூறுவது என் நோக்கமன்று.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு மாணவர்களுடன் சென்றிருந்தேன். அன்று அவ்வூர்த் திருமண மண்டபத்தில் உழவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. உப்புக் கரைசலில் விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஒருவர் தெளிவாகவே விளக்கினார். திரையில் முட்டையின் படம் தெரிந்தது. உண்மையான முட்டையோ உப்போ நெல்லோ அங்கே இல்லை. மாலையில் வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். பயிற்சி முடிந்தது.

அந்த முறை எளிய இயற்பியல்தான். ஒரு பாத்திரத்து நீரில் புதிய முட்டையை இட்டால் அது மூழ்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால் நீரின் அடர்த்தி கூடும். ஒரு நிலையில் முட்டை மேலெழுந்து, பழைய நாலணா அளவுக்குத் தலையைக் காட்டும். 10 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 1½ கிலோ உப்பு தேவைப்படும். அப்போது கரைசலின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 1.09 மடங்கு இருக்கும். முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும். முற்றிய விதை அடியில் தங்கும். அந்த விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி உப்பை நீக்கிவிட வேண்டும். ஆர்க்கிமிடீசின் மிதத்தல் விதி இங்கே நாற்றங்காலுக்கு வந்துவிடுகிறது!

மறுநாள் ஒரு வீட்டுத் திண்ணையில் என் மாணவர்கள் இதைச் செய்து காட்டினார்கள். அருகில் நின்ற ஓர் அம்மாள், “பழைய முட்டையா இருந்தா பச்சைத் தண்ணியிலேயே மிதக்குமே, அப்ப என்ன செய்யிறது தம்பி?” என்று கேட்டார். எவ்வளவு சரியான கேள்வி! முட்டை நாள்படும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாகிறது. முட்டையின் அடர்த்தி குறைகிறது. பழைய முட்டையை நம்பினால் உப்பு போதாமல் போகும். பதரும் விதையோடு சேர்ந்து தங்கிவிடும். மண்டபத்தில் நாள் முழுவதும் எழாத இக்கேள்வி, திண்ணையில் பத்து நிமிடத்தில் எழுந்தது. கை வேலை செய்யும்போதுதான் கேள்வி பிறக்கிறது. அந்த அம்மாள் முதல்நாள் பயிற்சிக்கு அழைக்கப்படவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பட்டா அவர் பெயரில் இல்லை. ஆனால், அவ்வீட்டில் விதையைப் புடைத்துச் சேமிப்பவர் அவர்தான்.

இன்னோர் எடுத்துக்காட்டு. பயறு பூக்கும் பருவத்தில் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசலைத் தெளிக்கும்படி பரிந்துரைக்கிறார்கள். நல்ல பரிந்துரையே. ஆனால், உழவர் தோளில் சுமப்பது விழுக்காட்டையன்று, 10 லிட்டர் தெளிப்பானை! “ஒரு டேங்குக்கு 200 கிராம், முதல்நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து ஊற்றுங்கள்” என்று சொல்லி, அவர் கையாலேயே நிறுக்கச் செய்தால்தான் அது பயிற்சி. வடிக்காவிட்டால் கசடு நாசிலை அடைத்துக்கொள்ளும். இதையும் ஒருமுறை அடைத்துப் பார்த்தவரே மறக்கமாட்டார்.

இவை புதிய கருத்துகள் அல்ல. இந்தியாவின் முதல் வேளாண்மை அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டபோதே ‘செய்து கற்றல்’ என்பது அதன் அடிப்படைக் கொள்கையாக இருந்தது. இன்று நாட்டில் இத்தகைய நிலையங்கள் 700க்கு மேல் உள்ளன. இடையில், 1980களில் உலக வங்கியின் ஆதரவோடு ‘பயிற்சியும் பார்வையிடலும்’ என்ற முறை பரவியது. அதிகாரி குறித்த நாளில் வந்து ‘தொடர்பு உழவர்’ சிலருக்குச் செய்தி சொல்வார். அவர்கள் அண்டை அயலாருக்குச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் கசியும் வாய்க்காலைப்போல், கடைமடைக்குச் செய்தி மெலிந்தே போய்ச் சேர்ந்தது.

மாற்றுவழி ஒன்று 1989இல் இந்தோனேசியாவில் தோன்றியது. நெல்லைப் புகையான் பூச்சி அழித்து வந்த அந்நாட்டில் ‘உழவர் வயல்வெளிப் பள்ளி’ தொடங்கப்பட்டது. சுமார் 25 உழவர்கள் பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை வயலிலேயே கூடுவார்கள். தீய பூச்சிகளையும் அவற்றைத் தின்னும் சிலந்திகளையும் எண்ணுவார்கள். மருந்து தெளிப்பதா வேண்டாமா என்று தாமே முடிவு செய்வார்கள். இம்முறைக்குச் செலவும் காலமும் மிகுதி என்று சிலர் கூறுவர். உண்மைதான். ஆனால், பயன் தராத மலிவுப் பயிற்சியைச் சிக்கனம் என்று கூற முடியுமா?

அவ்வளவு தொலைவு போவானேன்? 1990களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகினார்கள். மிதிவண்டியைப் பற்றிச் சொற்பொழிவு கேட்டு அவர்கள் பழகவில்லை. விழுந்து, எழுந்து, மீண்டும் ஏறிப் பழகினார்கள். ஒருவர் ஓட்டக் கற்றாரா இல்லையா என்பதற்குச் சான்றிதழும் தேவைப்படவில்லை. வீதியே சான்று!

உழவர் பயிற்சிக்கும் இதுவே அளவுகோல் ஆகவேண்டும். ‘எத்தனை பேர் வந்தார்கள்?’ என்று ஆண்டறிக்கை கேட்கிறது. ‘அடுத்த பருவத்தில் எத்தனை பேர் செய்தார்கள்? செய்யாதவர்களைத் தடுத்தது எது?’ என்று கேட்பதே அறிவியல் முறை. சோதனையின் முடிவைப் பார்க்காமலே குறிப்பேட்டை மூடும் மாணவனுக்கு நாங்கள் மதிப்பெண் வழங்குவதில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊரில் அடுத்த பயிற்சி நடைபெறும்போது நீங்களும் சென்று பாருங்கள். பங்கேற்றவர் கைகளில் ஏதேனும் செய்தார்களா? பெண்கள் அழைக்கப்பட்டார்களா? ‘ஏன்’ என்று கேட்க இடமிருந்ததா? பருவம் முடிந்தபின் யாரேனும் திரும்பி வந்து பார்த்தார்களா? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை ‘ஆம்’ என்றால் மகிழுங்கள். இல்லையென்றால், ஒரு பாத்திரம், ஒரு படி உப்பு, ஒரு புதிய முட்டை ஆகியவற்றோடு உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கலாம்.