இரவில் யார் விழித்திருக்கிறார்கள்? – முதுமை மறதிக்கு உள்ளூரில் சிகிச்சையாளர் தேடுவது குறித்து

முதுமை மறதிதான் என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்கிறார். மூளை ஸ்கேன் படத்தையும் டோனெபெசில் மாத்திரைச் சீட்டையும் கையில் கொடுத்து, "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார். அந்த மூன்று மாதம் வீட்டில் என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மாலை ஐந்து மணியானால் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வந்துவிடுகிறார். மருமகள் நகையை எடுத்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார். சாப்பிட்டுக் கைகழுவிய மறுநிமிடமே இன்னும் சோறு போடவில்லை என்கிறார். பக்கத்தில் ஒரு கவுன்சலரோ தெரபிஸ்டோ கிடைப்பாரா என்று குடும்பம் தேடத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

இது ஒருசில வீடுகளின் கதையல்ல. 2023-இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வின்படி, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, முதுமை மறதி இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது அதிகம். மனநல வல்லுநர்களோ நகரங்களில்தான் குவிந்திருக்கிறார்கள்.

உள்ளூரில் ஆள் தேடும் பழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் நாம் தேடும் விதத்தில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. அம்மாவைச் சரிசெய்து தருவதற்கு ஆள் தேடுகிறோம். இன்றைய மருத்துவத்தால் அம்மாவின் நினைவை மீட்டுத் தர முடியாது. அம்மாவோடு வாழ்வது எப்படி என்று அவரைக் கவனித்துக்கொள்பவருக்குக் கற்றுத்தர முடியும். நல்ல சிகிச்சையாளரின் முதல் வேலை இதுதான். இதைச் செய்யாத சிகிச்சையாளர் அடுத்த தெருவில் இருந்தாலும் பயனில்லை.

அருகில் இருப்பது ஏன் முக்கியம்? மறதி நோய் உள்ளவரைப் பேருந்திலோ காரிலோ இரண்டு மணி நேரம் அழைத்துச் சென்று, கூட்டமான புறநோயாளிப் பிரிவில் உட்கார வைத்தால், குழப்பம் அன்றே கூடிவிடும். அங்கே மருத்துவர் பார்ப்பது பயந்துபோன ஒரு முகத்தை மட்டும்தான். வீட்டுக்கு வந்து பார்ப்பவரின் கண்ணில் வேறு விஷயங்கள் படும். குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளே மாட்டிக்கொள்ளும் வகையா, காஸ் சிலிண்டரை இரவில் யார் மூடுகிறார்கள், பீரோ சாவி எங்கே தொங்குகிறது, அந்தி சாய்ந்த பின்னும் கூடத்தில் விளக்குப் போடாமல் இருக்கிறார்களா என்பதையெல்லாம் அவர் கவனிப்பார்.

மேலே சொன்ன மாலை நேரச் சிக்கலையே எடுத்துக்கொள்வோம். "இதுதாம்மா உங்க வீடு, எத்தனை தடவ சொல்றது?" என்பதுதான் எந்த மகளுக்கும் முதலில் வாயில் வருவது. அம்மா இன்னும் பதறுவார், மகள் குரலை உயர்த்துவார், இரவு முழுக்க யாருக்கும் தூக்கமில்லாமல் போகும். பயிற்சி பெற்றவர் சொல்லிக்கொடுப்பது வேறு. மறுக்காதீர்கள். "அந்த வீட்டு வாசல்ல என்னம்மா மரம் இருந்துச்சு?" என்று கேளுங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். கையில் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்து, உரிப்பதற்குப் பூண்டையோ ஆய்வதற்குக் கீரையையோ முன்னால் வையுங்கள். 'வீடு' என்று அவர் கேட்பது பெரும்பாலும் கட்டடத்தை அல்ல, பயமில்லாமல் இருந்த ஒரு காலத்தை. மருமகள்மீது திருட்டுப் பழி விழும்போதும் இதே போன்ற விளக்கம் தேவை. வைத்த இடத்தை மறந்த மூளை, பொருள் காணாமல் போனதற்கு ஒரு காரணத்தைப் புனைந்துகொள்கிறது. எப்போதும் பக்கத்தில் இருப்பவர்மீது பழி விழுகிறது. இதைக் கணவனையும் நாத்தனாரையும் உட்காரவைத்து ஒருவர் எடுத்துச் சொல்லாததால் எத்தனையோ குடும்பங்கள் உடைந்திருக்கின்றன. ஐந்து மாத்திரைகளைவிட அந்த ஒரு மணி நேரப் பேச்சு பெரியது.

இந்த வகை உதவிக்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. கோவாவில் 2008-இல் ஆய்வு முடிவு வெளிவந்த வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில், வீடு வீடாகச் சென்று ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். பின்னால் நின்று மேற்பார்த்தவர்கள் நிபுணர்கள். அதன் முடிவை நேர்மையாகப் படிக்க வேண்டும். நோயாளிகளின் அன்றாடச் செயல்திறன் குறிப்பிடத்தக்க அளவில் தேறவில்லை. கவனித்துக்கொண்டவர்களின் மனநலம் தேறியது. சிலருக்கு இது ஏமாற்றமாகத் தெரியலாம். பல ஆண்டுகள் நீளும் ஒரு நோயில், கவனிப்பவர் நொறுங்காமல் இருப்பதுதான் நோயாளிக்குக் கிடைக்கும் மிகப்பெரிய பாதுகாப்பு என்று நான் நினைக்கிறேன்.

நோயாளிக்கு நேரடியாகப் பயன் தரும் சிகிச்சையும் இல்லாமல் இல்லை. அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை என்ற குழுப் பயிற்சி பிரிட்டனில் உருவானது. அதன் முக்கிய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. வாரம் இருமுறை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வுகள். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் முதுமை மறதிப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அதைத் தமிழ் பேசுவோருக்கு ஏற்றபடி மாற்றியமைத்திருக்கிறார்கள். இதன் சிறப்பு கேள்வி கேட்கும் முறையில் இருக்கிறது. "இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டால், தெரியாதவர் கூனிக்குறுகிப் போவார். சிவாஜி படத்தையும் எம்.ஜி.ஆர். படத்தையும் பக்கத்தில் வைத்து "உங்களுக்கு யாரைப் புடிக்கும்?" என்று கேட்டால் தப்பான பதில் என்று ஒன்றில்லை, ஆளாளுக்கு வாதாடத் தொடங்கிவிடுவார்கள். உணவு, பணம், குழந்தைப் பருவம் என்று ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு பொருள். ஆனால் இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். லேசான, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். முற்றிய நிலையில் உதவாது. பதினான்கோடு நிறுத்திவிட்டால் பலன் நிலைப்பதும் அரிது.

இனி, உள்ளூரில் ஆள் தேடும்போது எதிர்ப்படும் குறைகள். முதல் குறை தகுதி பற்றியது. மருத்துவ உளவியலாளர் என்ற பெயரில் இயங்க அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைப் பயிற்சியும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கவுன்சலர் என்ற பலகைக்கு இப்படி ஒரு காவல் நடைமுறையில் இல்லை. சில மாதச் சான்றிதழ் வகுப்பை முடித்தவரும் பலகை மாட்டலாம். பிற உளவியலாளர்களை ஒழுங்குபடுத்த 2021-இல் வந்த துணைமருத்துவத் தொழிலர் சட்டம் களத்தில் இன்னும் வேர்பிடிக்கவில்லை. பதிவு பெற்றவர்களிலும் பலர் தேர்வு பயத்திலும் தம்பதியர் பிணக்கிலும் தேர்ந்தவர்கள். மறதி நோயாளியோடு பழகியிருக்க மாட்டார்கள். அவர்கள் அம்மாவைத் தனியறையில் உட்காரவைத்து நாற்பத்தைந்து நிமிடம் பேசுவார்கள். அடுத்த வாரம் அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் அம்மாவின் நினைவில் இருக்காது. வெளியே காத்திருக்கும் மகளிடம் பேசவேண்டிய நேரம் அப்படியே கரைந்துபோகும்.

மொழியும் படிப்பும் இன்னொரு சிக்கல். பரவலாகக் கையாளப்படும் எம்.எம்.எஸ்.இ. என்ற சோதனை 1975-இல் அமெரிக்காவில் உருவானது. அதில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஐங்கோணத்தைப் பார்த்து வரைய வேண்டும். பள்ளிக்கூட வாசலே மிதிக்காமல், நாற்று நடவுக்கு இத்தனை ஆள், இவ்வளவு கூலி என்று மனக்கணக்கிலேயே வாழ்ந்த ஒரு பாட்டிக்கு இதில் என்ன மதிப்பெண் கிடைக்கும்? படிக்காதவரை நோயாளி என்றும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை நோயே இல்லாதவர் என்றும் இந்தச் சோதனை காட்டிவிடக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்திய மொழிகளுக்கென உருவாக்கிய சோதனைத் தொகுப்பு முதற்கட்டமாக இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வந்தது. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆகவே சோதனைத் தாளை நீட்டுவதற்கு முன்பு "இவங்க முன்னாடி என்ன வேலை செஞ்சாங்க, இப்போ அதுல எது முடியல?" என்று குடும்பத்தைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்பவரிடம் நம்பிப் போகலாம்.

மூன்றாவது குறை ஆபத்தானது: மருத்துவரைப் பார்க்காமலே ஆலோசகரிடம் போவது. பி12 வைட்டமின் குறைவும் தைராய்டு குறைவும் மறதியாகத் தெரியலாம். மனச்சோர்வும் அப்படித்தான். இவற்றுக்கு மருந்து உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால், சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைந்ததோ, சில வாரங்களுக்கு முன் கீழே விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த இரத்தமோ காரணமாக இருக்கலாம். அன்றைக்குப் போக வேண்டிய இடம் மருத்துவமனை. இதையெல்லாம் விசாரிக்காமல் முதல் நாளே பத்து அமர்வுக்குப் பணம் கட்டச் சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கேட்காத காதோடு எந்தச் சிகிச்சையும் பாதிதான் போய்ச்சேரும்.

முதுமையின் துயரமெல்லாம் மறதி நோயும் இல்லை. பணி ஓய்வு, துணையின் சாவு, ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு மகனின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்வது – இப்படிப்பட்ட மாற்றங்களில் பேச்சுவழிச் சிகிச்சை தன் முழு வலிமையோடு வேலை செய்கிறது. இதற்கும் கோவாவில் நல்ல சான்று உண்டு. மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகள் இருந்த 181 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சிக்கல்களைத் தீர்க்கும் வழிகளையும் தூக்க ஒழுங்கையும் அரசு உதவிகளைப் பெறும் முறையையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஓராண்டில் அந்தக் குழுவில் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் சுமார் 4.4 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 14.4 சதவீதம். சிறிய ஆய்வுதான். இருந்தாலும் அதன் செய்தி பெரிது.

ஆனால் நம் குடும்பங்கள் பெரியவரை ஆலோசகரிடம் அழைத்துவருவது பலநேரம் அவர் பேசுவதைக் கேட்பதற்காக இல்லை, "நாங்க சொல்றதக் கேக்கச் சொல்லுங்க" என்பதற்காக. மகன்கள் முறைவைத்து, இரண்டு மாதம் இங்கே, இரண்டு மாதம் அங்கே என்று பெற்றோரைப் பந்தாடும் வழக்கத்தில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். மறதி நோய் தொடங்கியவருக்கு இதைவிடக் கொடியது வேறில்லை. புது வீட்டில் கழிவறை எந்தப் பக்கம் என்று பழகுவதற்குள் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். சரியான சிகிச்சையாளர் இந்த ஏற்பாட்டை எதிர்த்துப் பேச வேண்டும். கட்டணம் தரும் மகனுக்கு வக்கீலாக மாறிவிடக் கூடாது. "அப்பாகிட்ட நோயப் பத்திச் சொல்லிடாதீங்க" என்ற வேண்டுகோளும் அப்படியே. தொடக்க நிலையில் இருப்பவர் உயில் எழுதவும் வங்கிக் கணக்கை ஒழுங்கு செய்யவும் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் தனக்கான பிரதிநிதியை நியமிக்கவும் முடியும். அந்தக் காலம் குறுகியது. அன்பின் பேரால் மறைத்து அவருடைய அந்த உரிமையைப் பறிக்கிறோம்.

இணையவழி ஆலோசனை பற்றி ஒரு சொல். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் உள்ள அம்மாவுக்கு வீடியோ அமர்வு ஏற்பாடு செய்கிறார்கள். திரைக்குள் பேசும் முகம் மறதி நோயாளிக்குப் பெரும்பாலும் புரிவதில்லை. அதே அமர்வை, வீட்டைவிட்டு அசைய முடியாமல் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கோ, சம்பளத்துக்கு வரும் பணிப்பெண்ணுக்கோ ஏற்பாடு செய்தால் அது வீண்போகாது.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் முதல் சந்திப்பிலேயே கிடைத்துவிடும். இரவில் யார் விழித்திருக்கிறார்கள் என்று அவர் கேட்கிறாரா? கவனித்துக்கொள்பவர் கடைசியாக எப்போது முழுதாகத் தூங்கினார், அவருக்கு மாற்று ஆள் உண்டா என்று கேட்கிறாரா? இந்தக் கேள்விகள் வராத இடத்தில் பட்டங்கள் எத்தனை இருந்தாலும் குடும்பத்துக்கு உதவி கிடைக்காது.

இதையெல்லாம் தனியார் கட்டணத்துக்கே விட்டுவிட்டால் கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு எதுவும் எட்டாது. முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்னோடி. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வ.செ. நடராஜன். 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் வந்துவிட்டது. நோயைக் கண்டறிய இவை போதுமான வலிமை கொண்டவை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு வாசலுக்கு வரும் அம்மாவுக்குக் கிண்டி வெகுதூரம். வாசல்வரை போகும் ஓர் அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறார்கள். மறதி நோயாளியைக் கவனித்துக்கொள்பவரிடம் பேசவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். மேற்பார்வையை மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் ஒப்படையுங்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் கொடுங்கள். மேற்பார்வையும் ஊதியமும் இல்லாமல் வேலையை மட்டும் தலையில் ஏற்றினால் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

அதுவரை, முதியோர் உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். நோயாளிக்காகக் காத்திருக்காமல், அவரைக் கவனித்துக்கொண்டிருக்கும் நீங்களே உங்களுக்காக அழையுங்கள்.