ராயப்பரின் கண்ணீர்

கிறிஸ்தவம் தமிழ்க் கதைக்குக் கொடுத்தது என்ன என்று கேட்டால் நம் வாசகர் தயங்காமல் பதில் சொல்லிவிடுவார்: கோயில் மணி, வெள்ளை அங்கி, கன்னியாஸ்திரீகள் நடத்தும் அநாதை விடுதி. கதை எங்கேயாவது சிக்கிக்கொண்டால் ஆசிரியர் இவற்றில் ஒன்றைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்வது வழக்கம். கைவிடப்பட்ட பெண் கடலை நோக்கி நடப்பாள், பாதிரியார் எதிரே வருவார், தூரத்தில் மணி ஒலிக்கும், சுபம். இந்த மணியோசையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பெரிய வெள்ளியை அநுபவிக்காமலே ஈஸ்டர் கொண்டாடப் பார்க்கிற காரியம் இது.

ராயபுரத்தில் படகோட்டிகள் கட்டிய ராயப்பர் கோயில் இருக்கிறது. பேதுருவைத்தான் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்றார்கள். ஊர்ப்பெயரே அவரால் வந்தது என்று சொல்வதுண்டு. அவரும் மீன் பிடித்தவர். காசிமேட்டில் குடியேறினால் யாரும் அந்நியராக நினைக்கமாட்டார்கள். ஆனால், கதை எழுதுகிறவனுக்கு அவர் வலை வீசியதைக் காட்டிலும் முக்கியமான செய்தி வேறொன்று. தம் குருவை அறியேன் என்று மூன்று தரம் சாதித்துவிட்டு, சேவல் கூவியதும் வெளியே போய் மனங்கசந்து அழுதார். அப்போது அவரைக் குற்றம் சாட்ட எவரும் இல்லை. பிடித்து வைத்து அடிக்கவும் இல்லை. அவருக்குத் தெரிந்தது, அவர் அழுதார். அந்த அழுகை இல்லாவிட்டால் பிறகு வருகிற நம்பிக்கை வெறும் பிரசங்கம்தான்.

தமிழில் இந்த அழுகையை ஓர் எழுத்தாளர் தொட்டிருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். கம்யூனிஸ்டுக் கட்சியின் நிழலில் வளர்ந்த ஜெயகாந்தன். 1962-இல் வெளிவந்த 'யாருக்காக அழுதான்?' என்ற அவருடைய குறுநாவலில் ஜோசப் என்று ஒரு பிரகிருதி. லாட்ஜில் எடுபிடி வேலை. திருட்டுமுழி என்று பட்டப்பெயர் வேறு! தங்க வந்தவரின் பணம் காணவில்லை என்றதும் எல்லாக் கண்களும் அவன்மேல் திரும்புகின்றன. பணம் இருக்குமிடம் தெரிந்த மனிதர் வாயைத் திறப்பதில்லை. கடைசியில் ஜோசப் அழுகிறான். யாருக்காக?

தனக்காக அழுதிருந்தால் அது சாதாரணக் கதை. ராயப்பர் செய்த பாவத்தை இங்கே வேறொருவர் செய்கிறார். கண்ணீரை மட்டும் ஜோசப் விடுகிறான் என்றே நான் வாசிக்கிறேன். அடித்தவனுக்காக அடிபட்டவன் அழுவது. கருணை என்ற சொல்லுக்கு இதைவிடக் கடினமான அர்த்தம் எனக்குத் தெரியாது. 1966-இல் ஜெயகாந்தனே இதைப் படமாக எடுத்தார். ஜோசப்பாக நாகேஷ். சிரிக்கவைக்கப் பிறந்த முகம் என்று நாம் முடிவுகட்டி வைத்திருந்த முகம் அது.

ஆனால் ஒரு சந்தேகம் என்னை விடுவதில்லை. அடிபட்டவன் அழுதுவிட்டால் அடித்தவன் தப்பித்துக்கொள்கிறானே, இது என்ன நியாயம்? இந்தக் கேள்வியை எண்ணூரில் நின்று கேட்டுப் பார்க்கவேண்டும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்தது. வாளி வாளியாக மனிதர்கள் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியது. மறுபடியும் அள்ளியவர்கள் மீனவர்களே. படகும் வலையும் கறுத்துப்போன குப்பத்துக்காரனிடம் போய், "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், பொறுத்திரு" என்று சொல்கிற கதையை என்னால் எழுத முடியாது. எவன் எழுதினாலும் படிக்கவும் மாட்டேன்.

ஜெயகாந்தனின் கதை இந்தச் சோதனையில் தேறுகிறது. காரணம், வாய்திறக்காத மனிதர் யார் என்பதை அது நமக்கு மறைக்கவில்லை. இரக்கம் காட்டுகிற அவசரத்தில் குற்றவாளியின் பெயரை அழித்துவிடவில்லை.

ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) வேறு வழியில் தேறுகிறது. தென்கோடிப் பரதவர் கிராமம். 1933 முதல் 1985 வரை நீளும் கதை. அதனூடே கவிழ்ந்த கட்டுமரத்தோடு மூன்று பேர் நடுக்கடலில் மிதக்கிறார்கள். இளையவன் பிழைக்கும்படி மூத்தவர்கள் தங்களை விட்டுக்கொடுக்கிறார்கள். நாவலில் ஒரு நல்ல பாதிரியார் உண்டு, காகு சாமியார். அவரைச் சிருஷ்டித்த அதே பேனா திருச்சபையையும் சும்மா விடவில்லை. நடுக்கடலில் நடக்கிற அந்தக் காரியத்துக்கு மட்டும் எந்தப் பாதிரியாரும் தேவைப்படவில்லை. ஆசீர்வாதம் இல்லை, மணியோசை இல்லை, உப்புநீர் மட்டும். அந்த மனிதர்கள் புண்ணியாத்மாக்களும் அல்லர். தம் வாழ்நாளில் செய்ததெல்லாம் கூடவே மிதக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சாவுகள் அடுக்கடுக்காக வருவதில் பத்தாவது சாவு முதல் சாவைப்போல் நெஞ்சில் தைப்பதில்லை. கடல்வழக்குப் பேச்சு பட்டணத்து வாசகரைத் தொடக்கத்தில் மிரட்டும். சொல் புரியாத இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகவேண்டும். ஐம்பது பக்கத்துக்குள் காது பழகிவிடும். ஜெயகாந்தனின் குறுநாவலை முதலில் படித்துவிட்டு இதற்கு வரலாம். அதற்கு ஒரு சாயங்காலம் போதும். இதற்கு ஒரு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும்.