கருவிக்கு எழுதும் நாலு வரி

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரோலன் பார்த் 1967இல் எழுதினார். நாமும் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியாச்சு. அந்த மரணம் அப்படியே நடந்தேறும் பிரதி ஒன்று இன்று இருக்கிறது: செயற்கை நுண்ணறிவு முகவருக்கு ஒரு கருவியை அறிமுகப்படுத்தும் விவரிப்பு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையை எடுத்துக்கொண்டால், கருவியின் பெயர், விவரிப்பு, உள்ளீடுகளின் அமைப்பு, பொதுவாக இவ்வளவுதான் மொழி மாதிரியிடம் போய்ச் சேருகிறது. உள்ளே ஓடும் நிரல் அதுக்குத் தெரியாது. எழுதினவன் மனசும் தெரியாது. அதுக்குப் பிரதிதான் எல்லாம்.

யூட்யூபில் தேடும் கருவிக்கு, 'வீடியோக்களை எடுத்துத் தரும்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எதை எடுத்து? யூட்யூபின் தேடல் இடைமுகம் தருவது தலைப்பு, சேனல் பெயர், சிறுகுறிப்பு, வெளியான தேதி போன்றவற்றை. வீடியோவில் பேசப்படுவது அதில் வராது. விவரிப்பு இதைச் சொல்லாமல் விட்டால், முகவர் தலைப்பை வைத்துக்கொண்டே முழுசும் பார்த்ததுபோலச் சுருக்கம் சொல்லிவிடக்கூடும். கேட்டவரும் நம்பிவிடுவார். பிரதியின் மௌனம் இங்கே பொய்யாகிறது.

மௌனத்தை நிரப்புவது வாசக சுதந்திரம் என்று கொண்டாடினோம். கவிதைக்குச் சரி. இங்கே வேண்டியது இன்னும் ஒரு வரி: 'தலைப்பும் குறிப்பும் மட்டும் தரும், பேசியதைத் தராது, அதற்குச் சப்டைட்டில் எடுக்கும் கருவியை அழை.' தன்னால் ஆகாததைச் சொல்லும் அந்த வரியை எழுதாமல் விட்டவன் செத்துத் தப்பிக்க முடியாது.