மணியின் பிறப்பும் எண்ணின் சாட்சியும்

பண்டைக் காலத்துக் கண்ணாடி மணியைக் கண்டதும், அது எங்கே பிறந்தது என வினவுதல் இயல்பே. அரிக்கமேட்டு மணிகளும் நம் கெடா மாநிலத்து மணிகளும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுதலின், கடாரத்து மணிகள் யாவும் தமிழகத்தில் செய்து கப்பலேறி வந்தனவே எனப் பெருமை பேசுவோர் உளர். அவர்கள் நிறமாலை ஆய்வையும் துணைக்கு அழைக்கின்றனர். அவ்வாய்வு அத்துணை தூரம் சாட்சி சொல்லுமா எனக் காண்போம்.

இத்துறையில் குறிப்பிடத்தக்கது, துசுபியூ அம்மையாரும் இரு தோழர்களும் 2010இல் வெளியிட்ட கட்டுரை. லேசர் ஒளியால் கண்ணாடியில் துகளளவு ஆவியாக்கி, நிறை நிறமாலைமானியில் தனிமங்களை அளந்தனர். பின்னர்ப் புள்ளியியல் முறையால் ஒவ்வொரு மணியையும் ஒரு புள்ளியாக இட்டு, நெருங்கி நின்றவற்றை ஒரு குழுவாக்கினர். அலுமினா மிக்க சோடாக் கண்ணாடி குறைந்தது ஐந்து வகையாகப் பிரிந்தது. பேரியம் மிக்கு யுரேனியம் குறைந்தது தென்னிந்திய, இலங்கை வகையாம்.

இவர்தம் சிறப்பு யாதெனின், கணக்கில் எதனை விடுவது என்று அறிந்தமையே. செம்மணிக்குச் செம்பும், மஞ்சள் மணிக்கு ஈயமும் வெள்ளீயமும் நிறமூட்டச் சேர்ந்தவை. அவற்றையும் சேர்த்தால் கணக்கு முடியும். ஆனால் மணிகள் நிறவாரியாகப் பிரியுமேயன்றி மணல்வாரியாகப் பிரியா. மேலும், விழுக்காடுகள் கூடி நூறாக வேண்டுதலின், ஒன்று ஏறின் மற்றவை இறங்கும். இதனால் பொய்யுறவு தோன்றக்கூடும் எனக் கார்ல் பியர்சன் 1897இலேயே எச்சரித்தார்.

நிற்க. குழு கூறுவது, இவை ஒத்த மணலில் உருகியவை என்பது மட்டுமே. உருக்கிய இடத்தைத் துணிய மண்ணின் சாட்சி வேண்டும். இலங்கையின் கிரிபாவவில் கண்ணாடி உருக்கிய தடயம் கிடைத்ததாலன்றோ அவ்வகையின் தாயகம் வலுப்பெற்றது? அன்றியும், கண்ணாடி உருக்குதல் ஒரு தொழில். கட்டியை வாங்கி இளக்கிக் குழலாய் இழுத்து மணியாய் நறுக்குதல் வேறொரு தொழில். கெடாவின் சுங்கை மாஸில் மணி செய்த தடயங்களைக் கண்டதாக ஆராய்ச்சியாளர் கூறுவர். ஆகவே கண்ணாடி தென்னாட்டதாயினும், அதனை மணியாக்கிய கை கடாரத்துக் கையாக இருந்திருக்கலாம்.

எண்ணின் சாட்சி மெய்யே. ஆனால் அது மணலுக்குச் சாட்சி, மனிதனுக்கன்று. அதனைக் காட்டிக் கடாரத்துக் கைவினைஞரின் புகழை நாம் கவர்ந்துகொள்வது, எத்துணைப் பழம்பெருமை உடையார்க்கும் அழகன்று.