யூ வேலியில் எரியும் கொடி

பிரித்தானியத் தோட்டக்காரர்கள் ‘ஃபிளேம் ஃபிளவர்’, அதாவது தீப்பூ, என்று அழைக்கும் ட்ரோப்பியோலம் ஸ்பெசியோசம் சிலி நாட்டின் ஈரக்காடுகளுக்கு உரிய கொடி. எக்ஸ்டர் நகரின் வீச் நாற்றங்காலுக்காகத் தென்னமெரிக்காவில் செடி திரட்டிய வில்லியம் லாப் 1840களில் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஆனால் அது வேர்கொண்டு செழித்தது வடக்கே, கோடையிலும் மண் குளிர்ந்து கிடக்கும் ஸ்காட்லாந்தில். வெயில் காயும் சுண்ணாம்பு மண்ணில் அதை நட்டவர்கள் பெரும்பாலும் இழந்தே போயினர்.

இக்கொடியின் அழகு அது ஏறும் மரத்தையும் சார்ந்தது. யூ என்பது கரும்பச்சை ஊசியிலைகள் அடர்ந்த, கத்தரித்துச் சுவர்போல நிறுத்தத்தக்க மரம். லாரன்ஸ் ஜான்ஸ்டன் உருவாக்கிய ஹிட்கோட் தோட்டத்தில் அத்தகைய வேலிமீது இக்கொடி படர்ந்திருக்கும் காட்சி புகழ்பெற்றது. வெள்ளைச் சுவரில் இப்பூவின் சிவப்பு வெறும் கூச்சலாகிவிடும். யூவின் இருளில்தான் ஒவ்வொரு பூவும் தனித்தனிச் சுடராக நிற்கும். அருகில் பார்த்தால், ஐந்து இதழ்களில் மேலிரண்டும் ஒடுங்கியிருக்க, கீழ்மூன்றும் மெல்லிய காம்பின் நுனியில் சதுரமாக விரிய, பின்னால் தேன்குழல் வால்போல நீண்டிருக்கும். செங்காந்தள் இலைநுனியைச் சுருட்டி ஏறும். இதுவோ இலைக்காம்பையே வளைத்துச் சுள்ளியைப் பற்றுகிறது. பூ உதிர்ந்தபின், பூவைத் தாங்கிய வெளியடுக்காகிய புல்லிவட்டம் சிவந்து நிற்க, அதன் நடுவே நீலமணிகளாகக் காய்கள் அமரும்; பூவைவிடக் காயே அழகு என்று வாதிடுவோரை மறுப்பது எளிதன்று.

வளர்ப்பவரின் வேலை மண்ணுக்கடியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வெண்கயிறு போன்ற நிலத்தடித் தண்டை, மக்கிய இலை கலந்த அமில மண்ணில், ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில், வேலியின் வடபுறத்தில் படுக்கவைத்து மூடினால், வேர் நிழலில் குளிர்ந்திருக்க, தளிர் தானே ஒளியைத் தேடிக்கொள்ளும். யூவின் வேர்களும் ஈரத்தை உறிஞ்சுவதால், வறண்ட நாள்களில் நீர்விடாமல் இருக்க முடியாது. முதலாண்டில் ஒன்றும் முளைக்காமற் போகலாம். அப்போது பொறுமையிழந்து தோண்டிப் பார்ப்பதே பெருங்கேடு, ஏனெனில் எளிதில் முறியும் அத்தண்டு கிளறலைப் பொறுக்காது. குளிர்காலத்தில் மேற்பகுதி முழுதும் மடிந்தபின், அடுத்த வேனிலில் நட்ட இடத்தை விட்டு இரண்டடி தள்ளி, யாரும் எதிர்பாராத ஒரு புதருக்குள்ளிருந்து அது தலைகாட்டுவதும் உண்டு.