அறியாமை யாருடையது?

"மருத்துவமனை இருக்கிறது, மக்கள்தாம் வருவதில்லை. மந்திரித்த கயிற்றை நம்புவோரிடம் மருந்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?" சேர்வராயன் மலையில் கொட்டச்சேடு போன்ற சிற்றூர்களைப் பற்றிப் பேச்செழும்போது படித்தவர் பலர் வழங்கும் தீர்ப்பு இது. பகுத்தறிவு பேசும் நம் தோழர்களும் சிலவேளை இதற்குத் தலையசைக்கின்றனர். தீர்ப்புக்குச் சான்று எங்கே? அதைக் கேட்பதன்றோ பகுத்தறிவு!

கேட்ட ஆய்வேடு ஒன்று உண்டு. தெபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் எழுதி, 1963இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது அது. பானர்ஜி மருத்துவம் கற்றவர், மானிடவியலும் பயின்றவர். இன்றைய கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் எக்ஸ்ரேயும் சளி ஆய்வும் காசநோயாளரைக் காட்டின. பின்னர் அவர்களுடைய வீடுகளுக்கே சென்று வினவினர் சமூக ஆய்வாளர். கிடைத்த விடை என்ன? நோயின் அறிகுறியைப் பெரும்பாலோர் உணர்ந்தே இருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவ உதவியை நாடியும் சென்றிருந்தனர். அவர்களுட் பலருக்குக் கிடைத்தது நோயறியும் ஆய்வன்று, இருமல் மருந்து!

இங்கேதான் ஏட்டின் சிறப்பைக் காண்கிறோம். சளியை மட்டும் ஆய்ந்திருந்தால் நோய் தெரிந்திருக்கும். மருத்துவமனையின் குறை தெரிந்திராது. மக்களை மட்டும் வினவியிருந்தால் குறை கேட்டிருக்கும். இருமியவருக்கு இருந்தது காசநோயே என்பதற்குச் சான்று இராது. இரு துறைகள் கைகோத்தன. ஏழைமீது சுமத்தப்பட்ட பழி உடைந்தது.

படித்தவருக்கு மூடநம்பிக்கையே இல்லையா? ஓய்வும், ஊட்டமும், மலைக்காற்றும் இன்றிக் காசநோய் தீராது என நம்பியவர் மருத்துவர்களே! சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம் நோயாளரைக் குலுக்கல் முறையில் இருபிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறுபிரிவினருக்குக் காசநோய் மருத்துவமனையிலும் ஓராண்டு ஒரே மருந்து. மருத்துவரும் புள்ளியியலாரும் வீடுதோறும் சென்ற பணியாளரும் சேர்ந்து கண்ட முடிவு 1959இல் வெளிவந்தது. நெருக்கமான ஏழைக் குடிலிலும் மருந்து ஏறத்தாழ அதே அளவுக்கு நோயைத் தீர்த்தது!

ஆயினும் தும்கூர் ஏட்டைப் புகழ்ந்து மட்டும் நிற்றல் திறனாய்வாகாது. வராத பாதிப்பேர் ஏன் வரவில்லை? விழுக்காட்டுக் கணக்கு மட்டும் அதற்கு விடை தராது. ஒருநாள் கூலியை இழந்து மலையிறங்கும் காப்பித் தோட்டத் தொழிலாளியின் வரவுசெலவையும் அறிந்தாக வேண்டும். பொருளியலார்க்கும் அங்கே பணியுண்டு.

அதனினும் பெருங்குறை ஏட்டுக்கு வெளியே நிகழ்ந்தது. நாடிவரும் நோயாளியை அவ்விடத்திலேயே கண்டறிந்து மருந்தளிப்பது 1962இன் தேசியத் திட்டத்தின் நோக்கம். 1992இல் அத்திட்டத்தை மறுஆய்வு செய்தபோது மருந்துத் தட்டுப்பாடும், சளி ஆய்வை விடுத்து எக்ஸ்ரேயையே நம்பிய போக்கும் வெளிப்பட்டன. துறைகள் ஏட்டில் ஒன்றுகூடின. மருத்துவமனை வாயிலில் பிரிந்துவிட்டன!

தோழர்களே, மந்திரக் கயிற்றை அறுப்போம். அது நம் கடமை. ஆனால், அதை அணிந்தவர் முன்னரே மருத்துவமனை சென்று வெறுங்கையோடு திரும்பியவரா என்று முதலில் கேட்போம்.