உள்ளே யாருமில்லாத கவசம்

பாரிஸ் நகரின் மதில்களுக்கு வெளியே பேரரசர் சார்லமேன் தம் படையைப் பார்வையிடுகிறார். கோடை வெயிலில் வெந்து நிற்கும் வீரர்கள் ஒவ்வொருவராக முகமூடியை உயர்த்தித் தம் பெயரைக் கூறுகின்றனர். மாசு மறுவற்ற வெண்கவசம் பூண்ட ஒருவன் மட்டும் முகம் காட்டத் தயங்குகிறான். பேரரசர் வற்புறுத்தவே திறக்கிறான். உள்ளே யாரும் இல்லை! மனவுறுதியாலும் புனித இலட்சியத்தின்மீது கொண்ட நம்பிக்கையாலும் பணியாற்றி வருவதாக அந்த வெறுமை விளக்கம் தருகிறது. பேரரசரும் அதனை ஏற்று அடுத்தவனிடம் நகர்கிறார்.

இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ (1923-1985) 1959இல் வெளியிட்ட 'இல்லாத வீரன்' என்னும் சிறு புதினத்தின் தொடக்கம் இது. அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் தொல்காப்பியர் வகைப்படுத்துவார். பழியை மறைத்து மொழியும் இரண்டாம் வகையில் கால்வினோ வல்லவர். தந்தையைக் கொன்றவனைப் பழிதீர்க்க வரும் இளைஞன் ரம்பால்தோவைப் பாருங்கள். பழிவாங்கலுக்கென்றே பாசறையில் ஓர் அலுவலகம் இயங்குகிறது. ஒரு தளபதியின் சாவுக்கு மூன்று மேஜர்களைக் கொன்றால் கணக்கு நேராகிவிடும் என்று அவனுக்கு அங்கே அறிவுரை கிடைக்கிறது! மகனின் துயரம் அங்கே ஒரு கோப்பாகிவிடுகிறது.

கத்தோலிக்க வாசகரை இந்நூல் வேறோரிடத்தில் உறுத்தும். கதை சொல்பவர் ஒரு கன்னியர் மடத்துச் சகோதரி, தெயோதோரா. தவமுயற்சியாகவே இக்கதையை எழுதுவதாக அவர் கூறுகிறார். இது மென்மையான நகைப்பு. ஆனால், நம் ஆண்டவர் இறுதி இராவுணவில் பயன்படுத்தியதாகப் பழங்கதைகள் போற்றும் புனிதக் கிண்ணத்தின் பெயரால் அமைந்த வீரர் சபையைப் பற்றிய பகுதி மென்மையானதன்று. பனித்துளியிலும் இலையசைவிலும் பரவசமடைந்து நிற்கும் அவ்வீரர்கள், திறை செலுத்த இயலாத ஏழை உழவர்களின் சிற்றூரின்மீது அதே பரவசத்தோடு பாய்ந்து, குத்திக் கொல்கின்றனர். ஈட்டியை இயக்குவது தாங்களல்லர், புனிதக் கிண்ணமே என்பது அவர்கள் எண்ணம்.

இதனைத் திருச்சபைமீது எறிந்த கல் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கால்வினோ சமய நம்பிக்கையில் வளர்ந்தவர் அல்லர். 1944இல் பாசிசத்திற்கு எதிரான விடுதலைப் போராளிகளோடு மலையேறியவர். பொதுவுடைமைக் கட்சியில் பல்லாண்டு உழைத்தவர். 1956இல் அங்கேரியின் எழுச்சியைச் சோவியத் படை நசுக்கிய பின், 1957இல் அக்கட்சியை விட்டு விலகினார். ஈராண்டு கழித்து வந்தது இப்புதினம். உயர்ந்த கொள்கையைக் கண்ணெதிரே நிறுத்திக்கொண்டு, அடுத்து நிற்பவனின் வயிற்றைப் பாராதவர்களை அவர் கண்டது மடங்களிலா, கட்சி அலுவலகங்களிலா? இரண்டிலும் காணலாம் என்பதை அறிந்தவருக்கே அந்தப் பக்கங்கள் சுடும். ஆகவே, இதனை நம் இளைஞர்கள் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, முதலில் பெரியவர்கள் படிக்கட்டும் என்பேன்.

வெண்கவச வீரன் அஜிலுல்ஃபோவுக்கு வருவோம். சமையற்கூடம் முதல் காவல் வரிசை வரை எதையும் பிழையின்றி மேற்பார்வையிடுபவன் அவன். எப்போதும் அவன் சொல்வதே சரி. அதனாலேயே எவருக்கும் அவனைப் பிடிப்பதில்லை. பொருள்களின் உருவம் மங்கும் விடியற்பொழுதில் தானும் கரைந்துவிடுவோமோ என அஞ்சி, ஊசியிலை மரக்காய்களை வடிவியல் ஒழுங்கில் அடுக்கிக்கொண்டிருப்பான். நகைக்கத் தொடங்கிய நாம் இங்கே நகைக்க இயலாமல் நின்றுவிடுகிறோம். இதற்கு நேர்மாறானவன் அவனுடைய பணியாள் குர்துலு. உடல் உண்டு, தான் இருக்கிறோம் என்னும் உணர்வு இல்லை. கூழைத் தான் உண்கிறோமா, கூழ் தன்னை உண்கிறதா என்றே அவனுக்குத் தெரியாது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சொஃப்ரோனியா என்னும் கன்னியைக் கயவரிடமிருந்து காத்ததற்காக அஜிலுல்ஃபோ பெற்றது அவனது வீரப்பட்டம். அவள் அப்போது கன்னியே அல்லள், தன் தாய் என்று தொரிஸ்மோந்தோ என்னும் இளைஞன் கூறியதும் பட்டம் ஆட்டங்காண்கிறது. சான்று தேடி மொராக்கோ வரை அலைகிறான் வீரன். இங்கே நூலின் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் ஒருவனுடைய பட்டத்துக்குச் சான்றிதழாக மட்டுமே தேடப்படுகிறாள். அப்பதினைந்து ஆண்டுகளும் அவளுக்கு எப்படிக் கழிந்தன என்று கதையில் எவரும் பரிவோடு கேட்பதில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. பழைய வீரகாவியங்களை நையாண்டி செய்பவர், அவற்றின் இந்தக் கொடுமையை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

எல்லாம் பொய்த்தது என்று தவறாக நம்பி அஜிலுல்ஃபோ காட்டுக்குள் சென்றுவிடுகிறான். பட்டம் செல்லும் என்பது பின்னரே தெளிவாகிறது. அதைக் கேட்க அவன் இல்லை. ஒரு மரத்தடியில் சிதறிக் கிடக்கும் வெண்கவசத்தோடு, அதனை ரம்பால்தோவுக்கு அளிப்பதாக ஒரு சீட்டு மட்டும் கிடைக்கிறது. இளைஞன் அதனை அணிந்து போருக்குச் செல்கிறான். ஒரு கீறலும் அறியாத அந்த வெண்மையில் அன்று முதன்முறையாகச் சேறும் குருதியும் படிகின்றன.